கருவித்தொட்டியும் செருகுசட்டமும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மரவேலைக் கலைச்சொற்களுக்கு நாம் தொகுத்துவரும் தமிழ்ப் பட்டியலுக்காக, மேசையின் உறுப்புகளுக்கு முன்மொழியப்பட்ட பெயர்களைப் பற்றி எழுதுகிறேன். மரவேலை மேசையின் பின்விளிம்பை ஒட்டி, மேற்பலகையின் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக நீளவாக்கில் விடப்படும் இடத்தைக் ‘கருவிக்கிணறு’ என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. கிணறு என்றதும் ஆழமே மனத்தில் தோன்றும். இந்த இடத்துக்கோ, இழைப்புளியைச் சாய்த்து வைத்தால் அதன் விலா மேசைமட்டத்துக்கு மேலே எழாத அளவு ஆழம் இருந்தால் போதும். அகலமான கதவுப் பலகையை மேசையின் குறுக்கே கிடத்தி இழைக்கும்போது, உளியும் மூலைமட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் பலகையில் இடிக்கக் கூடாது. இந்தப் பயனைப் பெயர் மறைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

‘தாழ்தட்டு’ என்பது அழகான சொல்தான். எனினும் கதவு வேலை செய்பவரின் காதில் தாழ் என்றால் தாழ்ப்பாள்தான். ‘காடி’யை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். திருநெல்வேலிச் சீமையில் தொழுவத்தில் மாட்டுக்குத் தீனி போடும் இடத்தைக் காடி என்பதால் வடிவம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் தச்சு வேலையில், பலகையைப் பொருத்துவதற்காகச் சட்டத்தில் எடுக்கும் பள்ளத்துக்கும் அதுவே பெயர். ஒரே பட்டறையில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், அளவு சொல்லி வேலை வாங்கும்போது குழப்பமே மிஞ்சும்.

ஆகவே ‘கருவித்தொட்டி’ என்பதை முன்மொழிகிறேன். தொட்டி என்றால் தண்ணீர்தானே என்று கேட்கலாம். பூந்தொட்டியும் குப்பைத்தொட்டியும் வழக்கில் இருக்கும்போது அந்தத் தயக்கம் தேவையில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். இழைக்கும்போது விழும் மரச்சுருள் முழுவதும் இந்தத் தொட்டியில்தான் சேர்கிறது. சுருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், தென்காசிப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும், அதற்குள் புதைந்து கிடக்கும் உளி விரைவில் துருப்பிடிக்கும். அதனால்தான் தொட்டியின் இரு முனைகளிலும் செங்குத்தான அடைப்புக்குப் பதிலாகச் சரிவான கட்டை வைக்கிறார்கள். தூரிகையால் ஒரு தள்ளு தள்ளினால் சுருள் வெளியேறிவிடும். அந்தக் கட்டைக்குத் ‘தள்ளுசரிவு’ என்ற பெயர் போதும்.

மேசையின் பின்புறம் சிறு இடைவெளி விட்டு அறையப்படும், கருவிகளை நிறுத்தி வைக்கும் சட்டத்துக்கு ‘உளித்தாங்கி’ என்ற பெயர் குறுகலானது. அதில் திருப்புளியும் அரமும்கூட நிற்கின்றன. ‘செருகுசட்டம்’ என்றால் செய்ய வேண்டிய வேலையே பெயராகிவிடுகிறது. மேசை சுவரை ஒட்டி இல்லாவிட்டால் உளிமுனைகள் பின்னால் நடப்பவரைக் கிழிக்கும் என்பதால், செருகுசட்டத்துக்குப் பின்னால் ஒரு மறைப்புப் பலகை இருக்க வேண்டும் என்ற குறிப்பையும் சொல்விளக்கத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.