ஏ9 வீதியில் நடுத் திரும்பு தடம்: அகலம் போதுமா?

வணக்கம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் எங்கள் கடை. எதிரே பள்ளிக்கூட ஒழுங்கை. மதியம் 1.30க்குப் பள்ளி விட்டால், வலப்பக்கம் திரும்ப நிற்கும் ஆட்டோவுக்குப் பின்னால் யாழ்ப்பாண பஸ் ஹோன் அடித்தபடி நிற்கும். மோட்டார் சைக்கிள்கள் இடப்பக்கத்தால் புகுந்து ஓடும். போன கிழமை ஒரு பிள்ளையின் சைக்கிள் சில்லு நெளிந்தது. நல்லகாலம், காயமில்லை.

தார்ப்பீப்பா வைத்தோம், லொறி இடித்துத் தள்ளியது. உரிய அலுவலகத்துக்கு இரண்டு கடிதம், பதில் இல்லை. பெடியன்கள் கொடி காட்டி வாகனங்களை ஒழுங்குபடுத்தினார்கள், அந்த வெயிலில் மூன்று நாள்தான். நேரத்துக்கேற்பத் திசை மாறும் தடம் சரிவராது: நெரிசல் இருபக்கமும் ஒன்றுதான், சிவப்புப் பெருக்கல் குறியும் பச்சை அம்பும் காட்டும் விளக்குகளும் வேண்டும்.

நாடா பிடித்து அளந்தேன், தார் அகலம் 10.5 மீற்றர். இரு திசையாரும் வலப்பக்கம் திரும்பப் பொதுவான ஒரு நடுத்தடம் கீற இது போதுமா?