ஆத்தாவை ஓசிடி மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

வளவுவீட்டுப் பெண்:
எங்கள் வீடு கானாடுகாத்தானில். முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். இடையில் எத்தனை கதவு இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தாவுக்கு 56 வயது. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் படுக்கப் பதினொன்றரை ஆகிறது. பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலு அடி நடப்பார், சரியாக இழுத்தோமா என்று திரும்பி வருவார். கதவு திறந்து கிடந்து எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தன்னால்தான் என்ற நினைப்பு அவரை விடுவதில்லை. டாக்டர் இதை ஓசிடி, எண்ணச் சுழற்சி நோய் என்றார். நாலு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்சம் குறைந்திருக்கிறது, பாதிகூட இல்லை. இப்போது மதுரையில் ஒரு ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். இருக்கிற மாத்திரையோடு இன்னொன்றும் சேர்த்து 12 வாரம் கொடுப்பார்களாம். சிலருக்கு மருந்து, சிலருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல்தான், கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதாம். அப்பச்சி (அப்பா) சரி என்கிறார், அம்மான் (தாய்மாமா) கூடவே கூடாது என்கிறார். எனக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

ஆத்தங்குடிக்காரன்:
உங்கள் அம்மான் சொல்வதுதான் சரி. பெற்ற தாய்க்கு வெறும் மாத்திரையைக் கொடுத்து மூன்று மாதம் வேடிக்கை பார்க்கலாமா? என் அண்ணனை ஒரு ஆய்வில் சேர்த்தோம் (வேறு வியாதி, எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை). ஆய்வு நடக்கிற வரை வாரம் தவறாமல் போன் வரும், போக வரச் செலவும் கொடுத்தார்கள். முடிந்த மறுநாளிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிட்டது மருந்தா வெறும் மாத்திரையா என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. இன்னொன்று, இது நோய்தானா என்றே எனக்குச் சந்தேகம். நம் பக்கம் எந்த ஆச்சி பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் படுத்திருக்கிறார்?

மருந்துக்கடை அண்ணன், பள்ளத்தூர்:
தம்பி, அண்ணனுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதும் இரண்டரை மணி நேரம் நடப்பதும் ஒன்றில்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறதா, அன்றாட வாழ்க்கை கெடுகிறதா என்றுதான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். இது அதிகப்படி என்று செய்கிறவருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும், தெரிந்தும் நிறுத்த முடியாது.

வெறும் மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அது இல்லாமல் எந்த மருந்து வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓசிடிக்கு முதலில் நிரூபணமான மருந்து குளோமிப்ரமின். அமெரிக்காவில் 520 பேரை வைத்து 10 வாரம் பார்த்த முடிவு 1991-ல் வந்தது. இரண்டு தனித்தனி ஆய்வுகள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோயின் அளவு சராசரியாக 38, 44 சதவீதம் குறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3, 5 சதவீதம்தான். அந்த வெறும் மாத்திரைக்காரர்கள் இல்லாவிட்டால், இது நாளாக ஆகத் தானே குறைந்தது என்று யாராவது சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அப்புறம் ஆத்தாவுக்கு இருக்கிற மாத்திரையை யாரும் நிறுத்தப் போவதில்லை. அதன் மேல்தான் இன்னொன்று. சிகிச்சையே இல்லாமல் விடுகிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

வளவுவீட்டு அம்மா, ஒன்று கேட்கிறேன். இப்போதைய மாத்திரை எவ்வளவு மில்லிகிராம்? மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவு ஓசிடிக்குப் பல பேருக்குப் போதாது. ஃபுளுவாக்ஸெடின் என்றால் 40, 60, சிலருக்கு 80 வரை டாக்டர் கொண்டுபோவார். அந்த அளவிலும் 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வாரமே பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

தேவகோட்டை டீச்சர்:
நானும் இந்த ஆய்வு வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் ஆத்தங்குடித் தம்பி சொல்கிற காரணத்துக்காக அல்ல. ஆத்தாவுக்குப் பயிற்சி சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்களா? இஆர்பி என்பார்கள். எது பயமுறுத்துகிறதோ அதற்கு நேராகப் போய் நிற்க வேண்டும், பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்க வேண்டும். லண்டனில் விக்டர் மேயர் 1966-ல் இரண்டே நோயாளிகளை வைத்து எழுதியதிலிருந்து தொடங்கியது இது.

ஆத்தா நிலையில் இருக்கிறவர்களுக்கென்றே ஒரு ஆய்வு 2013-ல் அமெரிக்காவில் வந்தது. மாத்திரையால் அரைகுறையாகத்தான் குறைந்தது என்ற 100 பேர். அதே மாத்திரையோடு ஒரு பகுதியினருக்கு ரிஸ்பெரிடோன் என்ற இன்னொரு மருந்து, ஒரு பகுதியினருக்கு இந்தப் பயிற்சி, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. பயிற்சியில் 80 சதவீதம் பேருக்குக் குறைந்தது. ரிஸ்பெரிடோனில் 23, வெறும் மாத்திரையில் 15. இப்படி ஒன்று கையில் இருக்கும்போது அதைத் தராமல் இன்னொரு மாத்திரைக்குக் குலுக்கல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனக்கே இருந்தது இது. கேஸ் அடுப்பும் வாசல் பூட்டும். 11 வருஷம்.

கணக்குப்பிள்ளை, காரைக்குடி:
டீச்சர், வரவை மட்டும் சொல்லிப் பற்றை விட்டால் ஐந்தொகை தேறாது. அந்த 80 சதவீதம் என்பது நோயின் அளவு கால் பங்காவது குறைந்தவர்கள். ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கிற யேல் பிரவுன் அளவுகோலில் மொத்தம் 40 புள்ளி. 30-ல் இருந்தவர் 22-க்கு வந்தாலே குறைந்ததாகக் கணக்கில் ஏறிவிடும், ஆனால் 22 என்பதும் சும்மா இல்லை, அவர் இன்னும் நோயாளிதான். 12-க்கோ அதற்கும் கீழேயோ வந்தவர்களை எண்ணினால் பயிற்சியில் 43 சதவீதம், ரிஸ்பெரிடோனில் 13, வெறும் மாத்திரையில் 5. அப்போதும் பயிற்சிதான் முன்னால் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறவர் 80 பேர் குணமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

2005-ல் வந்த இன்னொரு ஆய்வையும் இப்படித்தான் சொல்கிறார்கள். 122 பேர், பயிற்சியில் 86 சதவீதம் தேறினார்கள் என்று. அது கடைசிவரை முடித்தவர்களில் மட்டும். தொடங்கிய எல்லாரையும் சேர்த்தால் 62. நடுவில் விட்டுப் போனவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் யாரோ ஒருத்தருடைய ஆத்தாதானே?

தேவகோட்டை டீச்சர்:
கணக்கு சரி, அப்படிப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். விட்டுப் போகிறவர்கள் நிறைய, ஏனென்றால் அந்தப் பயிற்சி அவ்வளவு கஷ்டம். பூட்டை ஒரே தடவை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடக் கூடாது, அதுவும் சரிபார்ப்புதான். முதல் நாள் சிவன் கோவில் தாண்டும்போது கை நடுங்கியது, ஸ்கூலில் இரண்டு பீரியட் என்ன நடத்தினேன் என்றே தெரியாது. மூன்றாவது வாரம்தான் பயம் வருகிற வேகம் குறைந்தது.

மருந்துக்கடை அண்ணன், பள்ளத்தூர்:
எல்லாம் சரி டீச்சர், இங்கே அதைக் கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? நீங்கள் சொன்ன 2013 ஆய்வில் வாரம் இரண்டு தடவை, மொத்தம் 17 தடவை உட்கார்ந்தார்கள். கானாடுகாத்தானிலிருந்து மதுரைக்கு வாரம் இரண்டு தடவை யார் கூட்டிப் போவது? மாத்திரை என்றால் நான் தெருவில் இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அதனால்தான் இன்னொரு மாத்திரை வேலை செய்யுமா என்று நம் ஊரிலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேவகோட்டை டீச்சர்:
நான் வீடியோ காலில் செய்தேன், தமிழிலேயே. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 14416-க்குப் போன் செய்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசி, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கலாம்.

இன்னொரு கேள்வி. ராத்திரி ஆத்தா கதவு பார்க்கும்போது வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

வளவுவீட்டுப் பெண்:
அப்பச்சி டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே போவார். "பூட்டியிருக்கு, நான் பார்த்துட்டேன்" என்று ஒவ்வொரு கதவிலும் சொல்வார். அவர் சொன்னால்தான் ஆத்தா அடுத்த கதவுக்கு நகர்வார்.

தேவகோட்டை டீச்சர்:
அப்பச்சி பாசத்தில்தான் செய்கிறார், என் வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்தார். ஆனால் அந்த "பார்த்துட்டேன்" இந்த நோய்க்குத் தீனி. சொன்னதும் நிம்மதி வரும், பத்து நிமிஷம் தாங்கும், நாளைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், ஆத்தா தவித்துப் போவார். அவரோடு பேசி, ஆலோசகர் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஆத்தங்குடிக்காரன்:
இப்போது டீச்சரே வேண்டாம் என்கிறார், பார்த்தீர்களா?

மருந்துக்கடை அண்ணன், பள்ளத்தூர்:
அவர் வேண்டாம் என்பது இந்த ஆய்வை, தம்பி. ஆய்வே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவர் நம்புகிற பயிற்சியும் குலுக்கல் போட்ட ஆய்வில்தானே நிரூபணம் ஆனது? உன் அண்ணன் விஷயத்தில் கேட்காமல் விட்ட கேள்விகளை இந்த வீட்டார் முதலிலேயே கேட்கட்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? 2009-லிருந்து பதிவு கட்டாயம். ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் வைத்தியச் செலவு அவர்களுடையது, சம்மதப் பத்திரத்தில் அது இருக்கிறதா? முடிந்த பிறகு எந்த மாத்திரை சாப்பிட்டோம் என்று எப்போது சொல்வார்கள்? பயிற்சி சிகிச்சையும் கூடச் செய்யலாமா, அல்லது அந்த 12 வாரம் கூடாதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறதோ அதைப் பொறுத்து நானும் டீச்சர் பக்கம் வரலாம்.

ஆத்தங்குடிக்காரன்:
பத்திரத்தில் ஆயிரம் எழுதலாம் அண்ணே. எங்கள் பத்திரத்திலும் எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட விடமாட்டேன்.

கணக்குப்பிள்ளை, காரைக்குடி:
கையெழுத்துப் போட வேண்டியது ஆத்தாதானே? அப்பச்சி, அம்மான், மகள், இங்கே நாம் நாலு பேர், எல்லாரும் பேசிவிட்டோம். அவரிடம் யாராவது கேட்டீர்களா?

வளவுவீட்டுப் பெண்:
கேட்கவில்லை. சாயங்காலம் வளவில் உட்காரவைத்து இங்கே எழுதியது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மாத்திரை அளவு, ஆய்வு பற்றியெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் சொன்னார், "பஸ் ஏறினதுக்கு அப்புறம் யாரையாவது போய்ப் பார்க்கச் சொன்னாகளான்னு அந்த டீச்சரைக் கேளு."

தேவகோட்டை டீச்சர்:
சொன்னேன் என்று ஆத்தாவிடம் சொல்லுங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள், பஸ் போய்க்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் செய்து பூட்டைப் பார்க்கச் சொன்னேன். ஆலோசகரிடம் அதை ஒளிக்கவில்லை, அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே மறுபடி பூட்டிவிட்டுக் கோவில் வரை நடக்கச் சொன்னார். நடந்தேன். அதற்குப் பிறகு பூட்டுக்காக அந்த அக்காவுக்கு நான் போன் செய்யவில்லை.