பள்ளி திறந்தாச்சு, வீட்டில் ஒருவருக்கு கொரோனா பாசிட்டிவ்: பிள்ளைகளை எந்தத் தேதியில் அனுப்பலாம்?

ஊத்துக்குளிக்காரி | 1 பிப்ரவரி 2022, இரவு

வணக்கமுங்க. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமம். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லோருக்கும் பள்ளி திறந்துவிட்டார்கள். என் வீட்டில் மட்டும் இரண்டு பிள்ளைகளும் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 27ஆம் தேதி வியாழக்கிழமை காய்ச்சல், உடம்பு வலி. 29ஆம் தேதி சனிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி மாதிரி எடுத்தார்கள். ஞாயிறோடு காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று ராத்திரி பாசிட்டிவ் என்று மெசேஜ் வந்தது. பெரியவள் அரசுப் பள்ளியில் பத்தாவது. சின்னவன் மெட்ரிக் பள்ளியில் நாலாவது, வேனில் போகிறவன். மாமியாருக்கு 68 வயசு, சர்க்கரை இருக்கிறது. எங்கள் நாலு பேருக்கும் இதுவரை ஒன்றும் இல்லை.

இப்போது ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். பெரியவளின் வகுப்பாசிரியர் 14 நாள் கழித்து அனுப்பச் சொல்கிறார். ஊர் நர்ஸம்மா 7 நாள் போதும் என்கிறார். கம்பெனியில் 10 நாள் லீவு, வரும்போது நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டுமாம். வேன் டிரைவர் சின்னவனுக்கும் நெகட்டிவ் கேட்கிறார். இதெல்லாம் போதாதென்று எங்கள் பெரிய மாமனார் போனில் கூப்பிட்டு, 17 நாள் வாசலைத் தாண்டக் கூடாது என்கிறார்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது? காய்ச்சல் வந்த நாளா, மாதிரி கொடுத்த நாளா, மெசேஜ் வந்த நாளா? இதற்கு நடுவில் வீட்டில் இன்னொருவருக்கு வந்தால் மறுபடி முதலில் இருந்தா? பத்தாவதுக்கு 9ஆம் தேதி திருப்புதல் தேர்வு தொடங்குகிறது. பொதுத்தேர்வு நடக்காமல் போனால் இந்த மார்க்கைத்தான் எடுப்பார்கள் என்று தோழிகள் சொல்லிச் சொல்லி, பிள்ளை சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறாள்.

தறிச்சத்தம் | 1 பிப்ரவரி

அக்கா, பல்லடத்தில் எங்க வீட்டிலும் பொங்கல் சமயத்தில் இதே கூத்துதான். மெடிக்கலில் வீட்டிலேயே பார்க்கிற கிட் 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பையனுக்குப் பார்த்து ஒற்றைக்கோடு வந்தால் போட்டோ எடுத்து வேன்காரருக்கு அனுப்பிவிடுங்க, வேலை முடிந்தது.

மஞ்சக்காட்டுக்காரன் | 1 பிப்ரவரி

பிள்ளைகளை அவங்க அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவிடுங்க அம்மணி. அங்கிருந்து பள்ளிக்கூடம் போகட்டும். வீடே வேறே என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? எங்கள் ஊரில் நாலு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

தாராபுரம் நர்ஸ் | 2 பிப்ரவரி, காலை

மேலே சொன்ன இரண்டையும் செய்யாதீங்க. அம்மாயி வீட்டில் இருப்பதும் வயசானவங்கதானே? நேற்று வரைக்கும் அப்பாகூட ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளைகளை இன்றைக்கு அங்கே அனுப்பினால், நோயை நாமே பஸ் ஏற்றி அனுப்பின மாதிரி ஆகிவிடும். கிட் விஷயமும் அப்படித்தான். கோடு இரண்டு வந்தால் பாசிட்டிவ், அதில் சந்தேகம் இல்லை. ஒன்று வந்தால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. அறிகுறி இருக்கிறவருக்கு ஒற்றைக்கோடு வந்தால் லேபில் பார்க்கிற ஆர்டிபிசிஆர் டெஸ்ட் எடுத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். உங்களிடம் யாரும் கதை விடவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்துச் சுற்றறிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 2020 மே மாதம் மத்திய சுகாதாரத் துறை சொன்னது 17 நாள். உங்கள் பெரிய மாமனார் அதில் நிற்கிறார். அதே வருடம் ஜூலையில் 10 நாள் என்று மாற்றினார்கள், அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து. கம்பெனிக்காரர்கள் அதில் நிற்கிறார்கள். 14 என்பது நோயாளிக்கே இல்லை, கூட இருந்தவர்களுக்கு முதல் இரண்டு அலையிலும் சொன்னது. டீச்சர் மனசில் அது பதிந்துபோயிருக்கிறது.

இப்போது நடப்பில் இருப்பது 2022 ஜனவரி 5 அன்று வந்தது. லேசான நோய், வீட்டிலேயே இருக்கிறவர் என்றால், பாசிட்டிவ் ஆனதிலிருந்து குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும், தொடர்ந்து 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். மறுபடி டெஸ்ட் தேவையில்லை என்று அதிலேயே இருக்கிறது. இதைக் கம்பெனியில் காட்டுங்கள். குணமான பிறகும் சிலருக்கு வாரக்கணக்கில் ஆர்டிபிசிஆர் பாசிட்டிவ் காட்டும். நெகட்டிவ் வரட்டும் என்று உட்கார்ந்தால் பாதிச் சம்பளம் போய்விடும்.

எந்த நாளிலிருந்து என்றால், எங்கள் பக்கம் மாதிரி கொடுத்த நாளைத்தான் எடுக்கிறோம். மெசேஜ் லேப் வேலையைப் பொறுத்து முன்னே பின்னே வரும், உடம்பு அதற்காகக் காத்திருக்காது. 29ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 5ஆம் தேதியோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை 6ஆம் தேதி அவர் வெளியே வரலாம்.

கூட இருந்தவர்களுக்கும் இப்போது 7 நாள்தான் சொல்கிறோம். ஆனால் அது அவரோடு கடைசியாகச் சேர்ந்து இருந்த நாளிலிருந்து. ஒரே அறையில் தூங்கிக்கொண்டே இருந்தால் அந்த 7 தொடங்கவே தொடங்காது. உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தேதியைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம், முதலில் இன்றைக்கே பிள்ளைகளைத் தனியாகப் பிரியுங்கள்.

மாமியாருக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் டெஸ்ட் எடுங்க. தொடர்பில் இருந்த எல்லோருக்கும் டெஸ்ட் வேண்டாம், வயசு அல்லது வேறு நோய் இருந்து ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎம்ஆர் ஜனவரி 10இல் சொன்னது. அவர் இரண்டு வகையிலும் வருகிறார்.

ஊத்துக்குளிக்காரி | 2 பிப்ரவரி, மதியம்

இப்படி யாரும் பிரித்துச் சொல்லவில்லைங்க. எங்கள் வீடு ஓட்டு வீடு, ஆசாரமும் (கூடம்) இரண்டு அறையும்தான். பின்னால் பழைய தறிக்குடோன் ஒன்று சும்மா கிடந்தது. காலையில் கூட்டிக் கழுவி, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கட்டிலைப் போட்டுவிட்டேன். அதற்குத் தனி பாத்ரூம் இருக்கிறது, தறி ஓடின காலத்தில் ஆளுகளுக்குக் கட்டினது. சாப்பாட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். மாமியார்தான் கேட்க மாட்டேன் என்கிறார். எருமை நான் கறந்தால் விடாது என்று அவரே விடிகாலையில் கறந்து, பாலைச் சொசைட்டிக்கும் கொண்டுபோகக் கிளம்பிவிட்டார். கேனைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வாங்கிப் போகச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. பெரியவளுக்குப் பள்ளியில் ஜனவரி 5இல் கோவாக்சின் போட்டார்கள். 28 நாள் கணக்குப்படி இன்றைக்குத்தான் இரண்டாவது ஊசி. அது என்ன ஆகும்?

தாராபுரம் நர்ஸ் | 2 பிப்ரவரி

28 என்பது குறைந்தபட்சம்தான், நாலு நாள் தள்ளிப் போனால் தப்பில்லை. தனிமை முடிந்ததும் போட்டுக்கொள்ளட்டும். ஒருவேளை அவளுக்கே பாசிட்டிவ் ஆகிவிட்டால் குணமாகி 3 மாதம் கழித்து. ஊசிக்காக இப்போது முகாமுக்கு அழைத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

கோபி கணக்கு டீச்சர் | 2 பிப்ரவரி, இரவு

பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்து நான் சொல்கிறேன்.

14 நாள் என்று சொன்ன ஆசிரியர் மேல் கோபப்படாதீர்கள். எங்கள் பள்ளியில் நேற்று முதல் நாள். ஒன்பதாம் வகுப்பில் பாதிக்கு மேல் வந்திருந்தார்கள், ஆறாம் வகுப்பில் பெஞ்சுக்கு ஒருவர்கூட இல்லை. ஆசிரியர்களிலேயே சிலர் தனிமையில். இருக்கிறவர்களில் சிலர் 19ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தலுக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது, ஆனால் பாடம் நடத்த ஆள் இல்லை. இந்த நிலையில் ஒரு பாசிட்டிவ் வகுப்புக்குள் வந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் பெரிய எண்ணாகச் சொல்லிவிடுகிறோம். அது விதி இல்லை, பயம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு கடிதம். தலைமையாசிரியருக்கு எழுதுங்கள், வகுப்பாசிரியருக்கு வாட்ஸாப்பில் சொல்வதோடு விடாதீர்கள். அதில் மூன்று தேதி இருக்கட்டும்: அப்பா மாதிரி கொடுத்த நாள், பிள்ளை அவரைவிட்டுப் பிரிந்த நாள், பிள்ளை திரும்ப வரும் நாள். பாசிட்டிவ் மெசேஜை நகல் எடுத்து இணையுங்கள். வருகைப் பதிவில் வரவில்லை என்றுதான் விழும், அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் பின்னால் கேள்வி வந்தால் காரணம் காகிதத்தில் இருக்கும்.

காகிதம் ஏன் என்றால், உங்கள் மகள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தபோது காலாண்டு, அரையாண்டு மார்க்கில் 80 சதவீதம், வருகைப் பதிவில் 20 சதவீதம் எடுத்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைக்கும் சும்மா சுற்றின பிள்ளைக்கும் அந்த 20இல் ஒரே கணக்கு. அடுத்த ஆண்டு தேர்வே இல்லாமல் எல்லோரும் தேர்ச்சி. இரண்டு வருடமும் அக்காமார் அண்ணன்மார் பட்டதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள், நம்பச் சொன்னால் எப்படி நம்புவார்கள்? இந்த வருடம் பொதுத்தேர்வு கட்டாயம் நடக்கும் என்று அமைச்சர் அன்பில் மகேஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆகவே திருப்புதல் தேர்வில் ஒரு தாள் விட்டுப்போனால் உலகம் முடிந்துவிடாது என்று அவளிடம் சொல்லுங்கள். பாடத்தையும் குறைத்திருக்கிறார்கள், அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கட்டும்.

நாலாம் வகுப்புப் பையனுக்கு ஒரு வாரம் போனால் போகட்டும். வாய்ப்பாடு சொல்லிக் கொடுங்கள், போதும்.

பீளமேடு அப்பா | 3 பிப்ரவரி

கோயம்புத்தூரில் எங்கள் அபார்ட்மென்ட் சங்கம் தனியாக ஒரு சட்டம் வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் பாசிட்டிவ் என்றால் அந்த மாடி முழுவதும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகக் கூடாதாம். மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சி, பள்ளி, கம்பெனி, வேன், சங்கச் செயலாளர் என்று ஏழு அரசாங்கம் நடக்கிறது. சந்தேகம் என்றால் 104க்கு அடியுங்கள், பள்ளி விஷயம் என்றால் 14417. கொஞ்சம் காத்திருக்க வைத்தார்கள், ஆனால் எனக்குப் பதில் கிடைத்தது.

ஊத்துக்குளிக்காரி | 5 பிப்ரவரி

பயந்தது நடந்துவிட்டதுங்க. மாமியாருக்கு 3ஆம் தேதி ராத்திரி காய்ச்சல். நேற்று டெஸ்ட், இன்றைக்குப் பாசிட்டிவ். ஆக்ஸிஜன் 97 காட்டுகிறது. பிள்ளைகள் குடோனில் நன்றாகத்தான் இருக்கிறார்கள், எனக்கும் ஒன்றும் இல்லை. மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டுமா?

தாராபுரம் நர்ஸ் | 5 பிப்ரவரி

68 வயசும் சர்க்கரையும் இருப்பதால் அவரை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கே கூட்டிப் போங்கள், நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். வீட்டில் வைத்திருக்கச் சொன்னால் விரலில் மாட்டும் கருவியில் அடிக்கடி பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை பார்த்தும் 93க்கு மேல் ஏறவில்லை என்றால் 108.

பிள்ளைகளுக்கு முதலில் இருந்து இல்லை. அவர்கள் 2ஆம் தேதி காலையிலிருந்து பாட்டி பக்கமே போகவில்லை அல்லவா? அப்பாவைவிட்டும் அன்றைக்குத்தான் பிரிந்தார்கள். இரண்டு பேருக்கும் அதே தேதிதான், 9ஆம் தேதியோடு முடிகிறது. குடோனுக்கு மாற்றாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உங்கள் கணக்கு 12க்கோ 13க்கோ போயிருக்கும்.

நாளையிலிருந்து பாட்டியை உங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். இப்போதுதான் வந்து போனவர், உங்களைவிட அவருக்கு ஆபத்து குறைவு. நீங்கள் இன்றோடு மாமியார் அறையை விட்டுவிடுங்கள், பிள்ளைகள் பக்கமும் போகாதீர்கள், சாப்பாட்டைத் திண்ணையில் வைப்பதோடு சரி.

தறிச்சத்தம் | 5 பிப்ரவரி

எருமையை யார் கறக்கிறது?

ஊத்துக்குளிக்காரி | 5 பிப்ரவரி

நான்தான். மாமியார் சேலையைப் போர்த்திக்கொண்டு போனால் நிற்கிறது. சிரிக்காதீங்க. டாக்டர் பார்த்துவிட்டார், வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

ஊத்துக்குளிக்காரி | 16 பிப்ரவரி

என்ன ஆச்சு என்று கேட்டிருந்தவர்களுக்கு. மாமியார் தேறிவிட்டார், இருமல் மட்டும் விடவில்லை. வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் அந்த ஜனவரி 5 சுற்றறிக்கையைக் காட்டினதும் ரிப்போர்ட் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள், 10 நாள் லீவில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கடிதத்தைத் தலைமையாசிரியர் வாங்கிப் படித்துவிட்டு, தேதி தெளிவாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். 9ஆம் தேதி தமிழ்த் தாள் போச்சு, 10ஆம் தேதியிலிருந்து எழுதினாள். விட்டுப்போனதை அப்புறம் தனியாக உட்கார்ந்து எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் தமிழம்மா. இதில் என்ன வேடிக்கை என்றால், பத்தாவது, பன்னிரண்டாவது வினாத்தாள் சிலது தேர்வுக்கு முன்னாலேயே இணையத்தில் வந்துவிட்டது என்று இப்போது டிவியில் ஓடுகிறது. அவள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருக்கிறாள். ஊசி சனிக்கிழமையே போட்டாச்சு.

சின்னவனை வேன்காரர் ஒரு காகிதமும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். வேனில் பாதி சீட்டு காலியாக இருக்கிறதாம், இவனையும் விட்டால் டீசலுக்குக் கட்டாது என்கிறார்.

காங்கேயத்து மருமகள் | 17 பிப்ரவரி

எங்க வீட்டிலும் இதே நிலைமைங்க. 14ஆம் தேதி கொழுந்தனாருக்குப் பாசிட்டிவ், பிள்ளைகள் இன்னும் அவர்கூட ஒரே வீட்டில்தான். திங்கட்கிழமை அனுப்பலாமா?

தாராபுரம் நர்ஸ் | 17 பிப்ரவரி

14 என்பது மாதிரி கொடுத்த நாளா, முடிவு வந்த நாளா? பிள்ளைகள் இன்னும் பிரியவில்லை என்றால் திங்கட்கிழமை முடியாது. இன்றைக்குப் பிரித்தால் 24ஆம் தேதியோடு முடியும், 25 வெள்ளிக்கிழமை அனுப்பலாம். வீட்டில் வயசானவங்க யாராவது இருக்காங்களா?