வசூல் குறைந்த நாட்களில் மனம் தளராமல் இருப்பது எப்படி?

கேள்வி:
சிறுதொழில் செய்பவர்களிடம் எல்லோரும் "பாசிட்டிவ்வாக இருங்கள்" என்கிறார்கள். எப்படி என்றுதான் யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் கல்லா நிறைந்தால் உற்சாகம், மறுநாள் குறைந்தால் தொழிலை மூடிவிடலாமா என்ற யோசனை. படுத்தால் பாக்கிக் கணக்கு மண்டைக்குள் ஓடுகிறது. செய்து பார்க்கக்கூடிய வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1:
ஒரு நாள் வசூலை வைத்துத் தொழிலை எடை போடுவதை முதலில் நிறுத்துங்கள். நாளுக்குச் சராசரியாக 9 வாடிக்கையாளர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொழிலில் எந்த மாற்றமும் இல்லாமலே அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 6-க்கும் 12-க்கும் நடுவே ஆடும். சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு (9-க்கு 3) ஏற்ற இறக்கம் இயல்பு. எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரு முறை 5 பேரோ அதற்கும் குறைவாகவோதான் வருவார்கள். அன்று நீங்கள் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டீர்கள்.

லாபம் தரும் சந்தோஷத்தைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி அதிகம் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். அதனால் அடிக்கடி பார்க்கப் பார்க்க வலிதான் கூடும். இந்தச் செவ்வாயை முந்தைய நான்கு செவ்வாய்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். விலையையோ சரக்கையோ மாற்றும் முடிவை, நான்கு வார மொத்தத்தை அதற்கு முந்தைய நான்கு வார மொத்தத்தோடு வைத்துப் பார்த்த பிறகே எடுங்கள்.

பதில் 2:
ராத்திரிக் கவலைக்கு மருந்து 13 வாரப் பண அட்டவணை. வாரத்துக்கு ஒரு நெடுவரிசை. மேலே ஆரம்ப இருப்பு, அடுத்து வரவு, அதன் கீழே வாடகை, சம்பளம், வரி, கடன் தவணை, சரக்குப் பணம், கடைசியில் இறுதி இருப்பு. அந்த இருப்புதான் அடுத்த வாரத்தின் ஆரம்பம். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்கித் திருத்தினால் போதும்.

பெரும்பாலும் வரவில்தான் கணக்கு பிசகும். பில்லில் போட்ட கெடு தேதியில் பணம் வந்துவிடும் என்று எழுதிவிடுகிறோம். எப்போதும் 20 நாள் தாமதிக்கிறவரின் பணத்தை 20 நாள் தள்ளியே எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு முறை வரும் காப்பீட்டுத் தொகையும் உங்கள் சொந்தச் சம்பளமும் விட்டுப்போகும் இனங்கள். இதையெல்லாம் சரியாகப் போட்ட பிறகு ஏழாவது வாரம் மைனஸ் வந்தால், "என்ன ஆகுமோ" என்ற பயத்துக்கு ஒரு தேதி கிடைத்துவிடுகிறது. சரக்குக் கொடுப்பவரிடம் தவணை கேட்க ஆறு வாரம் கையில் இருக்கிறது.

படுக்கும் முன் 5 நிமிடம், மறுநாள் வேலைகளைத் தாளில் எழுதுங்கள். 2018-ல் வெளியான ஒரு தூக்க ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். "பாக்கி வசூலிக்கணும்" என்று எழுதினால் மனம் விடாது. யாருக்கு, காலை எத்தனை மணிக்குப் போன், முதல் வாக்கியம் என்ன என்பது வரை எழுத வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. காலையில் எழுந்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி கற்பனை செய்யச் சொல்கிறார்களே, பலன் உண்டா?

பதில் 3:
கற்பனையோடு நின்றால் எதிர்விளைவுதான். அடைந்துவிட்ட திருப்தியில் முயற்சி தளர்வதை உளவியலாளர் கேப்ரியேல் எட்டிங்கன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ஆசையை நினைத்த கையோடு அதற்கு உங்களுக்குள்ளேயே இருக்கும் தடையையும் எழுதுங்கள். பிறகு "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி. உதாரணமாக: "விலை அதிகம் என்று சொன்னால், தள்ளுபடி பேச்சை எடுக்காமல், எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன்." பதற்றத்தில் வாய் தானாகக் குறைத்துச் சொல்வதை இந்த ஒரு வரி தடுக்கும்.

பதில் 4:
பதில் 2-இல் சொன்ன அட்டவணை அருமை. ஆனால் கையிருப்பு இரண்டு வாரச் செலவுக்கும் குறைந்துவிட்டால் வாரம் ஒரு முறை போதாது, தினமும் இருப்பைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெட்டுப்போவது என்று இருந்தால் இந்த உத்திகளை நம்பி நாள் கடத்தாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு தலைகாட்டினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே போங்கள்.