ஹவுஸ் ஓனரின் பழைய கட்டிலும் பீரோவும் எங்களுக்கு வேண்டாம், என்ன செய்வது?

கேள்வி (மாடிவீடு)
சென்னை வேளச்சேரியில் போன மாதம் குடிவந்தோம். வீடு பார்க்கப் போனபோதே உள் அறையில் ஒரு தேக்குக் கட்டில், பூட்டிய இரும்பு பீரோ, கண்ணாடி உடைந்த ஷோகேஸ் எல்லாம் கிடந்தன. "நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடறோம்" என்றார் ஓனர் அம்மா. அட்வான்ஸ் கொடுத்த பிறகு "ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கும் உதவும்" என்கிறார். எங்கள் கட்டிலைப் போட இடமில்லாமல் பிரித்து ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறோம், முழங்கால் வலியோடு மாமியார் பாயில் படுக்கிறார். ஓனருடைய கட்டிலில் படுக்கலாம் என்றால் அதன் காலடியில் தினமும் காலையில் கோலமாவு சிந்தியது போலப் பொடி கொட்டிக் கிடக்கிறது, பெருக்கினால் மறுநாளும் அதே இடத்தில். மொட்டை மாடியில் தூக்கிப் போட்டுவிடலாமா?

தாம்பரத்தான்
தயவுசெய்து போடாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு அலமாரியை மாடியில் வைத்தேன், ஒரே மழையில் பிளைவுட் ஊதிவிட்டது, காலி செய்யும்போது அட்வான்ஸில் 8,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தவர் பொருள் நம் பொறுப்பில் இருந்தால் நம் பொருளைப் போலவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. எதையும் நகர்த்தும் முன் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். அக்ரிமென்ட் போட்டாயிற்றா? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். அதிலேயே என்னென்ன சாமான், எந்த நிலையில், எப்போது எடுப்பார் என்று எழுதிவிடுங்கள். பூட்டிய பீரோதான் எனக்குப் பயமாக இருக்கிறது, நாளைக்கு உள்ளே இருந்த நகையைக் காணோம் என்றால் என்ன சொல்வீர்கள்?

உளிச்சத்தம்
அப்பா ஆசாரி, அதனால் சொல்கிறேன், அந்தப் பொடி மரவண்டு வேலை. கரையான் என்றால் மண்கோடு தெரியும். இதில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியை வண்டு சுலபத்தில் தொடாது, வெளுத்த ஓரக்கட்டையைத்தான் தின்னும், அதனால் மருந்தடித்தால் கட்டிலைக் காப்பாற்றலாம். பொடி கொட்டுவதை வீடியோ எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்புங்கள், தன் கட்டில் வீணாகிறது என்று தெரிந்தால் ஓடி வருவார். உங்கள் மரச்சாமானை அந்த அறையில் வைக்கவே வேண்டாம்.

மடிப்பாக்கம் அக்கா
நானும் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் கல்யாணச் சீர் பீரோவை மூன்று வருடம் குடித்தனக்காரர் வீட்டில்தான் வைத்திருந்தேன், அது தப்பு என்று அப்போது தோன்றவே இல்லை. முழு வாடகை வாங்கிக்கொண்டு ஒரு அறையை அடைப்பது நியாயமே கிடையாது. போனில் பேசாமல் நேரில் கூப்பிட்டு, பாயில் படுத்திருக்கும் உங்கள் மாமியாரைக் காட்டுங்கள். எடுக்க முடியாது என்றால் வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள், தயங்காமல் கேளுங்கள்.

மாடிவீடு
எல்லோருக்கும் நன்றி. வீடியோ அனுப்பினேன், ஓனர் அம்மா ஞாயிற்றுக்கிழமை மகனோடு வந்துவிட்டார். பீரோவை எங்கள் முன்னாலேயே திறந்தார், உள்ளே அவருடைய கணவரின் வேட்டி சட்டைகள், அந்துருண்டை வாசனையோடு. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் பீரோவும் கட்டிலும் குட்டியானை வண்டியில் போய்விட்டன. ஷோகேஸை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் எடுப்பதாக வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருக்கிறேன். மாமியார் நேற்றிலிருந்து கட்டிலில் படுக்கிறார்.