தூக்கிக் கட்டிய வண்டி, இறங்கிப் போன மைலேஜ்

நீடாமங்கலத்திலிருந்து:

எங்களுடையது 2.5 லிட்டர் டீசல் பிக்கப், டபுள் கேபின். கோரையாற்றுக் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும்போதெல்லாம் அடி தட்டுகிறது என்று இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டினேன். கையோடு 245/70 ஆர்16 டயர்களைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 மட் டயர், அதாவது சேற்றில் ஓடும் டயர், போட்டேன். பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது. முதல் டேங்க் தீர்ந்தபோது வயிறு கலங்கிவிட்டது. லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.

ஒருவர் இன்ஜெக்டரைப் பார் என்றார், ஒருவர் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு சிப் போடு என்றார். டீசலில் ஊற்றும் மருந்து என்று இரண்டு பாட்டில் நானே வாங்கி ஊற்றினேன். காசு போனதுதான் மிச்சம். லாரி வைத்திருக்கும் பெரியப்பா மகன்தான், "தம்பி, உன் மீட்டர் பழைய டயர் அளவுக்குத்தானே ஓடுது?" என்று கேட்டார்.

அடுத்த நாள் நாகப்பட்டினம் ரோட்டில் இருவரும் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே போனோம். இருபது கிலோமீட்டர் தாண்டியபோது மீட்டரில் 18.6 தான். புது டயர் பழையதைவிட ஐந்தரை சென்டிமீட்டர் உயரம். ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் உருளுகிறது, மீட்டருக்கு அது தெரியாது. அப்படியானால் நான் பயந்த ஒன்பது உண்மையில் 9.7. வேக முள்ளும் அதே அளவு குறைத்துக் காட்டும். பழைய வேகம்தான் என்று நம்பி அதற்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உயர்ந்து நிற்கும் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு டீசல்தானே விலை?

மீதி எங்கே போனது என்று தேடியதில் முதலில் அகப்பட்டது என் சோம்பேறித்தனம். சேற்றில் இறங்கும்போது டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குவேன், ரோடு ஏறிய பிறகு நிரப்ப மாட்டேன். இப்போது பேட்டரியில் மாட்டும் சின்ன கம்ப்ரசர் வண்டியிலேயே கிடக்கிறது. ரோட்டில் 36. அதற்கே முக்கால் கிலோமீட்டர் கூடியது, ஸ்டீயரிங்கும் லேசானது.

அப்புறம் கியர். பெரிய டயர் போட்டால் ஒவ்வொரு கியரும் நீண்டுவிடும். டாப் கியர் என்றால் மிச்சம் என்று ஐம்பதில் ஐந்தாவதைப் போட்டு முக்க வைத்துக்கொண்டிருந்தேன். டர்போ முழிக்கவே முழிக்காது. நாலாவதில் வைத்தால் இழுவை சுகமாக இருக்கிறது, டீசலும் குறைவு.

எதிர்பாராமல் சிக்கியது பிரேக். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு நான்கு வீலையும் தொட்டுப் பார்த்தேன், முன் இடது மட்டும் கொதித்தது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னில் சேறு காய்ந்து, பேட் விடாமல் பிடித்திருக்கிறது. கழுவி கிரீஸ் வைத்ததோடு சரி. தூக்கிக் கட்டிய கடையில் செய்யாமல் விட்ட அலைன்மென்ட்டையும் வேறு இடத்தில் பார்த்துக்கொண்டேன், டயர் ஓரம் தேய ஆரம்பித்திருந்தது. இப்போது சரியான கணக்கில் 11.3 வருகிறது. எனக்கு அது போதும்.

கும்பகோணத்திலிருந்து:

நான் வைக்கோல் கட்டு ஏற்றுபவன். தை, மாசி அறுவடை நேரத்தில் மட்டும் மைலேஜ் விழும், லேசாகக் கரும்புகையும் வரும். ஏர் ஃபில்டரைத் தட்டினால் சுணை கொட்டுகிறது. ரேடியேட்டர் முன்னாலும் அதேதான், ஜமக்காளம் போல அடைத்து ஃபேன் ஓயாமல் ஓடும். சீசனில் வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கிறேன். அடைத்தால் மாற்றுவதுதான், ஊதி ஊதிப் போட்டால் தாள் கிழியும்.

காற்று போகட்டும் என்று பின் டோரைத் திறந்து போட்டு ஓட்டாதீர்கள். மூடியிருந்தால் பாடிக்குள் காற்று சுழன்று மெத்தை போல நிற்கும், மேல்காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். நான் ஒரு மாதம் திறந்து ஓட்டி ஏமாந்தவன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

எஃப்.சி.க்காக, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்காக, தூக்கிக் கட்டியதை இறக்கியவன் நான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு இருக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி அமைப்பை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது, எதற்கு வம்பு என்றுதான். முதலில் லிஃப்டை மட்டும் இறக்கி அதே டயரோடு இரண்டு டேங்க் ஓட்டினேன், அரை கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. பழைய டயருக்கு மாறிய பிறகுதான் ஒன்றரை வந்தது. முன்னால் மாட்டியிருந்த இரும்பு பம்பரையும் அப்போதே கழற்றி எடைக்குப் போட்டுவிட்டேன்.

நீடாமங்கலத்திலிருந்து:

அப்படியானால் இந்த மட் டயர் தேய்ந்ததும் எனக்கு ரோட்டுக்கும் சேற்றுக்கும் பொதுவான ஏ.டி. டயர்தான். ஆனால் ஒன்றுக்கு இன்னும் வழி தெரியவில்லை. எங்கள் ஊர் ரயில்வே கேட் மூடினால் இன்ஜினை அணை என்று மகனிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏ.சி. நின்றுவிடுமாம்.