பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் டயதெர்மி நிற்கவில்லை: கால் சுவிட்ச் விஷயமாக உதவி வேண்டும்

ஹட்டன்_ரிப்பேர் எழுதியது:

வணக்கம். ஹட்டன் பக்கம் மருத்துவக் கருவிகள் பழுது பார்க்கிறேன். ஒரு சிறிய தனியார் கிளினிக்கில் சின்னச் சின்னச் சத்திரசிகிச்சைக்கு ஒரு டயதெர்மி மெஷின் (மின்சாரத்தால் சதையை வெட்டி, இரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் கருவி) இருக்கிறது. இரட்டைப் பெடல்: மஞ்சள் வெட்டுவதற்கு, நீலம் இரத்தக் கசிவை நிறுத்துவதற்கு.

மூன்று வாரமாக இரண்டு கோளாறு. மூடுபனி இறங்கிய காலை நேரங்களில் நீலப் பெடலில் இருந்து காலை எடுத்தாலும் மெஷின் ஓடும்போது வரும் சத்தம் நிற்பதில்லை. சில நாள் இரண்டு மூன்று செக்கன், ஒரு நாள் மெஷினை அணைக்கும் வரை. வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடுகிறது. மஞ்சள் பெடலில் இதற்கு நேர்மாறு. இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது.

ஆறு மாதத்துக்கு முன் இதை நான்தான் திறந்தேன். மஞ்சள் பக்க மைக்ரோ சுவிட்ச் உடைந்திருந்தது, ஹாட்வெயார் கடையில் 15 அம்பியர் சுவிட்ச் ஒன்று வாங்கிப் போட்டேன். மழைக்காலம் வரப்போகிறதே என்று வயர் நுழையும் இடத்தையும் மூடி விளிம்பையும் சிலிக்கன் பூசி அடைத்தேன்.

இன்று காலை பெடலின் பிளக்கைக் கழற்றி, மிதிக்காமலே மின்தடையை அளந்தேன், தொடர்பே இருக்கக் கூடாது. நீலப் பக்கம் 4 கிலோஓம் காட்டியது. ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடாக்கியதும் தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டியது. என்னிடம் பழைய மின் தையல் மெஷின் பெடல் ஒன்று கிடக்கிறது. அதன் கூட்டுக்குள் புதுச் சுவிட்ச் வைத்து நானே ஒன்று செய்யலாமா? டாக்டர் சனிக்கிழமைக்குள் கேட்கிறார்.

பதுளை_பயோமெடிக்கல்:

தம்பி, முதலில் அந்தக் கால் சுவிட்சைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மிதித்தும் வேலை செய்யாத பெடல் டாக்டருக்கு எரிச்சலோடு முடியும். காலை எடுத்தும் நிற்காத பெடல் நோயாளியைச் சுடும். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

சனிக்கிழமைக்கு வழி இருக்கிறது. மெஷினில் மூன்று முள் சொக்கெட் இருந்தால் கையால் அழுத்தும் பென்சில் (டாக்டர் கையில் பிடித்து நோயாளியைத் தொடும் முனை) போடலாம். அதிலேயே மஞ்சள், நீலப் பொத்தான்கள் உண்டு, காலுக்கு வேலையே இல்லை. மெஷினின் கையேட்டில் அந்த வகைப் பென்சில் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி. நீங்கள் பூசிய சிலிக்கன் வினாகிரி வாடை அடித்ததா?

ஹட்டன்_ரிப்பேர்:

ஆமாம் அண்ணே, நல்ல வாடை. குளியலறை டைல்ஸ் ஓரத்துக்குப் பூசுவதுதான்.

பதுளை_பயோமெடிக்கல்:

அதுதான். அந்த வகை காயும்போது அசிற்றிக் அமிலத்தை வெளியே விடும். மூடிய கூட்டுக்குள் அந்த ஆவி போக இடமில்லாமல் செம்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும். திறந்து பாருங்கள், முனைகளுக்கு நடுவே பச்சை உப்பு படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது அது சும்மா கிடக்கும், பனியில் ஈரமானால் கரண்ட் கடத்தும். உங்கள் 4 கிலோஓம் அதுதான். பல சர்க்கிட்டுகள் ஒருமுறை 'அழுத்தியாச்சு' என்று எடுத்துக்கொண்டால், 'விட்டாச்சு' என்று நம்ப இன்னும் கூடுதலான வோல்டேஜ் எதிர்பார்க்கும். அந்தக் கசிவு அதை அங்கே ஏற விடாது. மின் வேலைக்கு வாடையில்லாத நியூட்ரல் சிலிக்கன்தான் போட வேண்டும்.

மஞ்சள் பக்கத்துக்குக் காரணம் வேறு. 15 அம்பியர் சுவிட்சில் வெள்ளி முனை இருக்கும். பெரிய கரண்ட் போகும்போது வரும் சிறு பொறியே அதன் மேல் படியும் படலத்தை எரித்துச் சுத்தமாக்கும். இங்கே போவதோ சில மில்லி அம்பியர். படலம் அப்படியே தங்கிவிடும். இந்த வேலைக்குத் தங்க முலாம் பூசிய முனை வேண்டும். அம்பியர் கூடினால் தரமும் கூடும் என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம், சிக்னல் வயரில் அது பொருந்தாது.

தியேட்டர்_மிஸ்ஸி:

நான் ரிப்பேர் தெரிந்தவள் இல்லை. சத்திரசிகிச்சைத் தியேட்டர் தரையில் நடப்பதைச் சொல்கிறேன். சேலைன் கொட்டும், இரத்தம் சிந்தும், கடைசியில் வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பார்கள். பெடல் அதற்கு நடுவிலேதான் கிடக்கும். டாக்டர் குனிந்து பார்ப்பதில்லை, காலால் தடவித்தான் தேடுவார். மெஷினைத் தள்ளும்போது சக்கரம் வயர் மேல் ஏறும். ஒரு முறை பச்சைத் துணி நழுவிப் பெடலின் அடியில் மாட்டிக்கொண்டது. யாரும் மிதிக்காமலே சத்தம் வந்தது. அந்த நேரம் பென்சில் அதன் கூட்டுக்குள் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நோயாளியின் வயிற்றின் மேல் கிடந்திருந்தால், ஸ்பிரிட் காயாத துணியாக இருந்திருந்தால், நினைக்கவே பயமாக இருக்கிறது. தயவுசெய்து அந்தச் சத்தத்தை யாரும் குறைத்து வைக்காதீர்கள். எங்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை அதுதான்.

பண்டாரவளை_இலத்திரனியல்:

மிஸ்ஸி சொன்னதையே வடிவமைப்புக்கு அளவுகோலாக வையுங்கள். தையல் மெஷின் பெடல் காய்ந்த தரைக்குச் செய்தது, சுற்றிலும் இடைவெளி. மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60601-1-இல் கால் சுவிட்ச் 1350 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். அது 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடத்தின் மேல் ஏறக்குறைய 137 கிலோ எடை, அதாவது கனமான ஆள் குதிகாலை ஊன்றி ஏறி நிற்பது மாதிரி. எந்தக் கால் சுவிட்சுக்கும் குறைந்தது ஐபிஎக்ஸ்1 பாதுகாப்பு, அதாவது மேலிருந்து சொட்டும் நீரைத் தாங்கும் அளவு, தியேட்டர் மாதிரி தரை நனையும் இடம் என்றால் ஐபிஎக்ஸ்6, பலமான நீர்த்தாரை அடித்தாலும் தாங்கும் அளவு.

நம் மலைப்பகுதிக்கு ஒரு கூடுதல் தொல்லை. பகலில் சூடேறிய காற்று பெட்டிக்குள் இருக்கும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வயர் நுழையும் சிறு இடுக்கு வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படி மூச்சு விடும் பெட்டியை விளிம்பில் மட்டும் அடைத்துப் பயனில்லை, உள்ளே போன ஈரம் வெளியேறவும் வழியிருக்காது. சுவிட்சையும் இணைப்புகளையும் எப்பொக்சியில் அப்படியே புதைக்க வேண்டும். நான் செய்தால் பெடலில் சிறு காந்தம், உள்ளே புதைத்த ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் இயங்குவது) என்று வைப்பேன். பெடலின் தண்டு கூட்டுக்குள் நுழையவே தேவையில்லை.

அதைவிட முக்கியம், ஒரு பெடலுக்கு இரண்டு தொடர்பு. மிதித்தால் ஒன்று மூடும், மற்றது திறக்கும். இரண்டும் எப்போதும் எதிர்நிலையில் இருந்தால்தான் மெஷின் ஓட வேண்டும். ஒன்றில் கசிவோ ஒட்டலோ வந்தால் இரண்டும் ஒரே நிலையைக் காட்டும், உடனே நிற்க வேண்டும். மெஷினைப் போடும்போதே பெடல் மிதித்த நிலையில் இருந்தால் காலை எடுக்கும் வரை ஓடக் கூடாது. பெடலுக்கு மேலே கூரை மாதிரி ஒரு காப்பு, அடியில் வழுக்காத ரப்பர், வயரை இழுத்தால் சுமை இணைப்பில் விழாத பிடி. இதெல்லாம் மெஷினின் சர்க்கிட்டோடு சேர்த்துச் சோதிக்க வேண்டியவை. அதனால் டயதெர்மிக்கு நீங்களே செய்யாதீர்கள், அந்த மொடலுக்கு உரிய பெடலையே வாங்கச் சொல்லுங்கள். கைப்பழக்கத்துக்குச் செய்வதென்றால் சக்சன் மெஷினின் (இரத்தம், நீரை உறிஞ்சும் கருவி) காற்றுப் பெடலைத் திறந்து பாருங்கள். ரப்பர் குமிழும் குழாயும்தான், தரையில் மின்சாரமே இல்லை.

ஹட்டன்_ரிப்பேர்:

இன்று மாலை திறந்தேன். நீலப் பக்க இரண்டு முனைகளுக்கு நடுவே பாசி மாதிரி பச்சை, அதன் ஓரத்தில் ஒரு துளி ஈரம். நான் பூசிய சிலிக்கன் கீழே மட்டும் சரியாக ஒட்டாமல் விரல் நுழையும் அளவு பிரிந்திருந்தது. டாக்டரிடம் படத்தைக் காட்டி, என் வேலையால் வந்தது என்று சொன்னேன். கோபிக்கவில்லை. மெஷினில் மூன்று முள் சொக்கெட் இருக்கிறது, பென்சிலும் கையேட்டுக்குப் பொருந்துகிறது. புதுப் பெடலுக்குக் கொழும்பில் சொல்லியாயிற்று. பழையதன் வயரை வெட்டிவிட்டேன், யாரும் மறுபடி சொருக முடியாது.

மிஸ்ஸி, அங்கே சத்தத்தின் அளவைக் குறைத்துத்தான் வைத்திருந்தார்கள். கூட்டி வைத்துவிட்டு வந்தேன்.